பல்லிகளைத் தேடிப் போன ஜெரால்டு டரல்



நம் சுவர் இதழில் இதுவரை அரசர்கள், விஞ்ஞானிகள், விடுதலைப் போராட்ட வீரர்கள் வாழ்க்கை எல்லாம் வந்துவிட்டது. இந்த முறை பல்லியையும் அரணையையும் பாம்பையும் தேடிக் கடல் தாண்டிப் போன ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். தலைப்பைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டுப் படியுங்கள்!

பல்லி நமக்குப் புதுசு இல்லை. சுவரில் பல்லி சத்தம் போட்டால் பாட்டி தரையைத் தட்டுவார்கள். காலண்டரில் பல்லி விழும் பலன் போட்டிருக்கும். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் வரிசையில் நின்று தொட்டுக் கும்பிடுகிறோம். ஆனா வீட்டுப் பல்லி கண்ணில் பட்டால் விளக்குமாறு எடுக்கிறோம். அரணை கடித்தால் மரணம் என்று பயப்படுகிறோம். உண்மையில் அரணைக்கு விஷமே கிடையாது! இப்படி யாருக்கும் வேண்டாத உயிர்களுக்காகத் தன் வாழ்நாளைக் கொடுத்தவர்தான் ஜெரால்டு டரல்.

பிறந்தது நம் நாட்டில்

டரல் ஓர் ஆங்கிலேயர். ஆனால் பிறந்தது இந்தியாவில்! 1925ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் தேதி, இரும்பு ஆலைக்குப் பேர் போன ஜாம்ஷெட்பூரில் பிறந்தார். அப்பா ஒரு பொறியாளர். லாரன்ஸ், லெஸ்லி என்று இரண்டு அண்ணன்கள், மார்கரெட் என்று ஒரு அக்கா. இவர்தான் கடைக்குட்டி. வீட்டில் செல்லமாக ஜெரி என்று கூப்பிடுவார்கள்.

அவரைக் கவனித்துக்கொண்ட ஆயா ஒருநாள் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போனாராம். அதிலிருந்து தினமும் அங்கேயே போகணும் என்று அடம் பிடிப்பாராம். மற்ற குழந்தைகள் முதலில் அம்மா என்றோ அப்பா என்றோ சொல்லும். இவர் தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தையே 'ஜூ'தான் என்று அவர்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்களாம்.

ஆனால் 1928இல் அப்பா இறந்துவிட்டார். ஜெரிக்கு அப்போது மூன்று வயது. அம்மா நான்கு பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

தீப்பெட்டிக்குள் தேள்

இங்கிலாந்தில் குளிரும் மழையும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1935இல் குடும்பமே கிரேக்க நாட்டின் கோர்ஃபு தீவுக்குக் குடிபோனது. நல்ல வெயில், ஒலிவ மரத் தோப்பு, சுற்றிலும் கடல். ஜெரிக்கு வயது பத்து. அங்கே இருந்த நான்கு வருடமும் அவருக்குச் சொர்க்கம்தான்.

காலையில் சாப்பிட்டதும் நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சட்டைப் பையில் தீப்பெட்டிகள், கையில் வலை. திரும்பி வரும்போது ஆமை, தவளை, வண்டு, பாம்பு என்று ஏதாவது ஒன்று கூட வரும். ஒருமுறை குட்டிகளை முதுகில் சுமந்த தாய்த் தேளை ஒரு தீப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார். அண்ணன் லாரன்ஸ் அது தெரியாமல் சிகரெட் பற்றவைக்க அந்தப் பெட்டியைத் திறக்க, தேளும் குட்டிகளும் சாப்பாட்டு மேசை மேல் ஓட, வீடே அலறியது! எல்லாரும் தேளை அடிக்கப் பார்த்தார்கள். ஜெரி மட்டும் குட்டித் தேள்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று அழுதாராம். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு குட்டியாக எடுத்துத் தாய் முதுகில் ஏற்றிவிட்டார்.

இரவில் அவருக்குத் துணை அவர் அறையில் இருந்த ஒரு பல்லி. அதற்கு ஜெரோனிமோ என்று பெயர் வைத்தார். நம்ம வீட்டுப் பல்லி மாதிரிதான், விளக்குக்கு வரும் பூச்சியைப் பிடிக்கும். அது எந்த மூலையில் ஒளியும், எப்போது வெளியே வரும், வேறு பல்லி வந்தால் எப்படிச் சண்டை போடும் என்று படுக்கையில் கிடந்தபடியே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அதற்கும் ஒரு பெரிய கும்பிடு பூச்சிக்கும் சண்டை. கடைசியில் பல்லிக்குத்தான் வெற்றி, ஆனால் வால் போச்சு! இந்தச் சண்டையைப் பிற்காலத்தில் அவர் புத்தகத்தில் விரிவாக எழுதினார். நாம் எல்லோரும் பல்லியைத் தினம் பார்க்கிறோம். இப்படி யாராவது உட்கார்ந்து பார்த்திருக்கிறோமா?

வியாழக்கிழமை வாத்தியார்

இப்போது சொல்லப்போவதைக் கேட்டு ஆசிரியர்கள் கோபப்படக் கூடாது. டரல் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கியவர் இல்லை. உடனே பையன்கள் சந்தோஷப்பட வேண்டாம்! அவர் பள்ளிக்குப் போகவில்லையே தவிர, படிப்பை விடவில்லை.

கோர்ஃபுவில் தியோடர் ஸ்டெஃபனிடிஸ் என்று ஒரு மருத்துவர் இருந்தார். அவரும் நம் நாட்டில், பம்பாயில் பிறந்தவர்தான்! செடி, பூச்சி, நட்சத்திரம், குட்டைத் தண்ணீரில் நெளியும் கண்ணுக்குத் தெரியாத உயிர் என்று அவருக்குத் தெரியாததே இல்லை. பத்து வயதுப் பையன்தானே என்று நினைக்காமல், பெரியவர்களிடம் பேசுவது போல மதிப்பாகப் பேசினார். ஜெரிக்கு ஒரு சின்ன நுண்ணோக்கியைப் பரிசாகக் கொடுத்தார். வியாழக்கிழமைதோறும் ஜெரி அவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

அவர் சொல்லிக்கொடுத்தது இரண்டு விஷயம். ஒன்று, பொறுமையாகப் பார்க்க வேண்டும். இன்னொன்று, பார்த்ததை எழுதி வைக்க வேண்டும். எந்த நாள், எந்த இடம், என்ன செய்தது என்று எழுதி வைத்தால்தான் அது அறிவு. இல்லையென்றால் வெறும் வேடிக்கை. நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் வாழ்க்கை எப்படித் திரும்பும் என்பதற்கு டரலே சாட்சி.

காடு காடாக

1939இல் இரண்டாம் உலகப் போர் வந்தது. குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. ஜெரி செல்லப் பிராணிகள் விற்கும் கடையில் வேலை பார்த்தார். போர்க் காலத்தில் பண்ணையில் வேலை செய்தார். 1945இல் விப்ஸ்னேடு என்ற மிருகக்காட்சி சாலையில் வேலை கிடைத்தது. சாணி அள்ளுவது, கூண்டு கழுவுவது, தீவனம் வைப்பதுதான் வேலை. சந்தோஷமாகச் செய்தார்.

அங்கேதான் பெரே டேவிட் மான் என்ற சீன நாட்டு மானைப் பற்றித் தெரிந்துகொண்டார். அப்போது சீனக் காட்டில் அது ஒன்றுகூட மிச்சமிருக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தில் ஒரு பிரபு தன் தோட்டத்தில் வைத்துக் காப்பாற்றிய கூட்டத்திலிருந்து அந்த இனம் பிழைத்தது. அந்த மான் கன்றுகளுக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்க்கும் வேலையும் டரலுக்குக் கிடைத்தது. காட்டில் அழிந்த ஓர் உயிரைக்கூட அக்கறையாக வளர்த்தால் மறுபடி பெருக்கலாம் என்ற எண்ணம் அப்போதே அவர் மனதில் விழுந்துவிட்டது.

21 வயதானதும் குடும்பச் சொத்தில் அவர் பங்குப் பணம் வந்தது. வேறு யாராவது என்றால் வீடு வாங்கியிருப்பார்கள். இவர் அந்தப் பணத்தோடு 1947இல் ஆப்பிரிக்காவின் கேமரூன் காட்டுக்குப் போனார்! 1949இல் மறுபடியும் கேமரூன், 1950இல் தென் அமெரிக்காவின் கயானா. மிருகக்காட்சி சாலைகளுக்காக உயிரினங்களைப் பிடித்து வருவதுதான் அன்று அவர் தொழில்.

அந்தக் காலத்தில் பிடிப்பவர்கள் நூறு பிடித்தால் பாதி வழியிலேயே செத்துவிடும், அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள். டரல் அப்படி இல்லை. பராமரிக்க முடிந்த அளவுதான் பிடிப்பார். பிடித்ததற்கு நல்ல கூண்டு, நல்ல சாப்பாடு. விளைவு? மூன்றாவது பயணம் முடிந்தபோது கையில் காசு இல்லை!

1951இல் ஜாக்கி என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். எழுத்தாளரான அண்ணன் லாரன்ஸ், உன் அனுபவங்களை எழுது என்று சொன்னார். டரலுக்கு எழுதுவதே பிடிக்காது. ஆனாலும் எழுதினார். 1953இல் முதல் புத்தகம் வந்தது. 1956இல், என் குடும்பமும் மற்ற விலங்குகளும் என்று பொருள் வரும் தலைப்பில் கோர்ஃபு நாட்களை எழுதினார். உலகம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்துப் படித்தார்கள். அந்தப் பணம் எல்லாம் எங்கே போனது தெரியுமா? அடுத்த பகுதியில் பாருங்கள்.

ஜெர்சி தீவில் ஒரு புகலிடம்

நம்ம ஊரில் ஜெர்சி மாடு எல்லாருக்கும் தெரியும். அந்த மாட்டு இனத்தின் சொந்த ஊர் ஜெர்சி தீவு, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் உள்ள கடலில் இருக்கிறது. அங்கே 1959ஆம் ஆண்டு மார்ச் மாதம் டரல் தன் சொந்த மிருகக்காட்சி சாலையைத் திறந்தார்.

சிங்கம், யானை என்று கூட்டம் சேர்க்கும் இடம் அல்ல அது. அழியப்போகும் உயிர்களைக் கொண்டுவந்து, குஞ்சு பொரிக்க வைத்து, மறுபடி சொந்தக் காட்டுக்கே அனுப்ப வேண்டும் என்பதுதான் நோக்கம். பல பெரிய மனிதர்கள் இதை ஏற்கவில்லை. மிருகக்காட்சி சாலை வேடிக்கை பார்ப்பதற்குத்தானே என்றார்கள். பணக் கஷ்டம் வேறு. கடனை அடைக்கப் புத்தகத்துக்கு மேல் புத்தகமாக எழுதினார். 1963இல் ஒரு அறக்கட்டளை தொடங்கினார். அதற்குச் சின்னமாக டோடோ பறவையைத் தேர்ந்தெடுத்தார். மொரீஷியஸ் தீவில் இருந்த டோடோ, மனிதர்கள் வந்து இறங்கி நூறு வருடத்துக்குள் அடியோடு அழிந்துபோனது. 1600களோடு அதன் கதை முடிந்தது. இனி எந்த உயிருக்கும் அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சின்னம்.

உருண்டையாக இல்லாத ரவுண்ட் தீவு

1976இல் டரல் அந்த டோடோவின் நாட்டுக்கே போனார். மொரீஷியஸ் நமக்கும் உறவு நாடுதான். தமிழர்கள் நிறையப் பேர் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கிறது!

மொரீஷியஸுக்கு வடகிழக்கே சுமார் 22 கிலோமீட்டர் தூரத்தில் கடலுக்குள் ஒரு பாறை மலை நிற்கிறது. அதன் பெயர் ரவுண்ட் தீவு. பரப்பு சுமார் 2 சதுர கிலோமீட்டர்தான். பக்கத்தில் பாம்புத் தீவு என்று இன்னொன்று உண்டு. வேடிக்கை என்னவென்றால், ரவுண்ட் தீவு உருண்டையாக இல்லை, அங்கே பாம்பு உண்டு. பாம்புத் தீவில் பாம்பு இல்லை!

இந்தச் சின்னத் தீவில் உலகத்தில் வேறு எங்கேயும் இல்லாத பல்லிகளும் அரணைகளும் பாம்புகளும் மிச்சமிருந்தன. ஏன் இங்கே மட்டும்? கப்பல்களோடு வந்த எலியும் பூனையும் மொரீஷியஸின் பெரிய தீவில் பரவி, பல்லியையும் அதன் முட்டையையும் தின்று தீர்த்துவிட்டன. ரவுண்ட் தீவில் கப்பல் ஒதுங்க இடம் இல்லாததால் எலி போய்ச் சேரவே இல்லை. அதனால் அவை தப்பின.

அங்கே இருந்தவற்றில் முக்கியமானவை மூன்று. முதலாவது குந்தர் பல்லி. நம்ம வீட்டுப் பல்லியை ஒரு விரல் நீளம் என்று வைத்தால், இது ஓர் அடி நீளம் வரை வளரும். மர நிறத்தில் பனை மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது டெல்ஃபேர் அரணை. உடம்பு வழுவழுவென்று மின்னும், மனிதரைக் கண்டால் ஓடாமல் பக்கத்தில் வந்து எட்டிப் பார்க்கும். மூன்றாவது இரவில் மட்டும் வெளியே வரும் ஒரு சின்னப் பல்லி. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், மறந்துவிடாதீர்கள்.

அதே சுருக்குதான்

அந்தத் தீவில் இறங்குவதே பெரும்பாடு. படகைக் கட்ட இடம் கிடையாது. அலை படகை மேலே தூக்கும் நேரம் பார்த்து ஈரப் பாறை மேல் தாவ வேண்டும். தவறினால் கடல்தான். டரலுக்கு அப்போது 51 வயது, கனத்த உடம்பு. மேலே ஏறினால் நிழல் இல்லாத மொட்டைப் பாறை, கொளுத்தும் வெயில்.

அங்கே பல்லியை எப்படிப் பிடித்தார்கள் என்று படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீளமான மூங்கில் கழி, அதன் நுனியில் மெல்லிய நைலான் நரம்பில் ஒரு சுருக்கு. பனை ஓலைக்குள் கண்ணை ஓட்டி, மரத்தோடு மரமாக இருக்கும் பல்லியைக் கண்டுபிடித்து, சத்தம் இல்லாமல் கழியை நீட்டி, கழுத்தில் சுருக்கை மாட்டி இழுக்க வேண்டும்.

இது நம்ம பசங்க ஓணான் பிடிக்கிற அதே வித்தைதானே! நம்ம ஊரில் தென்னை ஈர்க்கில் சுருக்குப் போடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ராமருக்கு அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் வேறு எதையோ கொடுத்தது என்று ஒரு கதையைச் சொல்லிச் சொல்லியே அந்த ஓணானைப் பிடித்துக் கல்லால் அடிக்கிறார்கள். சுருக்கு ஒன்றுதான். பிடித்த பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டரல் குழுவினர் சுருக்கில் மாட்டிய பல்லிக்குக் காயம் படாமல் எடுத்தார்கள். ஜெர்சிக்குக் கொண்டுபோய், அதற்கு வேண்டிய வெப்பம், இரை, மறைவிடம் எல்லாம் கொடுத்து முட்டையிட வைத்தார்கள்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட மாதிரி என்று நம்ம பெரியவர்கள் சொல்வார்கள். வேண்டாத வேலை என்பதற்குச் சொல்கிற பழமொழி அது. டரல் அந்த வேண்டாத வேலையைத்தான் வாழ்நாள் முழுக்க ஆசையாகச் செய்தார்!

ஒரே ஒரு வருடம்

ரவுண்ட் தீவில் இரண்டு வகைப் பாம்பு இருந்தன. அவற்றின் மேல்தாடை எலும்பு இரண்டு துண்டாகப் பிரிந்து மடங்கும். முதுகெலும்பு உள்ள வேறு எந்த உயிருக்கும் அப்படிக் கிடையாதாம். அதில் ஒன்று மண்ணுக்குள் புதைந்து வாழும் வகை.

அந்த மண்புதைப் பாம்பை மனிதக் கண் கடைசியாகப் பார்த்தது 1975இல். டரல் போய் இறங்கியது 1976இல். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் தேடினார்கள். இன்று வரை யார் கண்ணிலும் அது படவில்லை. அது அழிந்தே போனது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

பரீட்சையில் தோற்றால் அடுத்த வருடம் எழுதலாம். மழை பொய்த்தால் அடுத்த ஆடியில் விதைக்கலாம். ஒரு உயிரினம் போனால் போனதுதான். எத்தனை கோடி கொடுத்தாலும் ஒரு குட்டிகூடத் திரும்பி வராது. இதை எழுதும்போது எனக்கு மனசு என்னவோ செய்தது.

இன்னொரு பாம்பு பிழைத்தது. அதை 1977இல் ஜெர்சிக்குக் கொண்டுபோனார்கள், சில வருட முயற்சிக்குப் பிறகு அங்கே முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்தது.

ஆடும் முயலும்

எலியே இல்லாத தீவில் இவை ஏன் அழியத் தொடங்கின? காரணம் ஆடும் முயலும்! 1800களில் யாரோ அங்கே ஆடுகளையும் முயல்களையும் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அவை பெருகி, முளைக்கிற கன்றை எல்லாம் கடித்துத் தின்றன. பழைய பனைகள் சாய்ந்தபோது அந்த இடத்தில் புதுக் கன்று இல்லை. வேர் இல்லாததால் புயல் மழை மண்ணைக் கடலுக்கு அடித்துக்கொண்டு போனது. மண் போனதும் மண்புதைப் பாம்புக்கு வீடு போச்சு. பனை போனதும் பல்லிக்குப் பூச்சியும் பூந்தேனும் நிழலும் போச்சு.

ஆகவே ஆட்டையும் முயலையும் தீவிலிருந்து அடியோடு நீக்க வேண்டும் என்று டரலும் மற்ற இயற்கை ஆர்வலர்களும் வலியுறுத்தினார்கள். ஆடுகளைச் சுட்டார்கள், 1979இல் அந்த வேலை முடிந்தது. முயல்களை 1986இல் நியூசிலாந்து வல்லுநர்கள் வந்து மருந்து வைத்து ஒழித்தார்கள். டரலின் அறக்கட்டளையும் அதற்குத் துணை நின்றது.

உண்மையைச் சொல்கிறேன், இந்த இடம் எனக்குப் பிடிக்கவே இல்லை. எங்கள் வீட்டில் மூன்று வெள்ளாடு இருக்கிறது. பள்ளி விட்டுப் போனதும் அதுங்களுக்குத் தழை ஒடித்துப் போடுவது நான்தான். தேள் குட்டிக்காக அழுத மனிதர் ஆட்டைக் கொல்ல எப்படிச் சம்மதித்தார்? அம்மாவிடம் கேட்டேன். முருங்கை வைத்தால் ஏன் சுற்றி முள் வேலி கட்டுகிறோம் என்று அம்மா திருப்பிக் கேட்டார்கள். அப்புறம் யோசித்தேன். நம்ம ஆட்டுக்கு மேய்க்க ஆள் உண்டு, கட்டுத்தறி உண்டு. தீவில் வேலியும் இல்லை, மேய்ப்பவரும் இல்லை. ஆடு உலகம் முழுக்க இருக்கிறது. குந்தர் பல்லிக்கு அன்று அந்த ஒரு பாறைதான் உலகமாக இருந்தது. ஆட்டின் மேலும் தப்பு இல்லை, முயல் மேலும் தப்பு இல்லை. கொண்டுபோய் விட்ட மனிதர் செய்த தப்புக்கு அந்த ஆடுகள் உயிரைக் கொடுத்தன. அதனால்தான் ஒரு உயிரை அதன் இடத்திலிருந்து எடுத்து வேறு இடத்தில் விடும்முன் நூறு தடவை யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் வேறு மாதிரி நினைத்தால் அடுத்த இதழில் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

ஆடும் முயலும் போன பிறகு நடந்தது அதிசயம்தான். பனங்கன்றுகள் மறுபடி முளைத்தன. பச்சை திரும்பியது. அரணைகள் பெருகின. 2006க்குப் பிறகு டெல்ஃபேர் அரணையையும், அதை அடுத்துக் குந்தர் பல்லியையும் பக்கத்தில் எலி இல்லாத வேறு தீவுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு தீவில் புயலோ நோயோ வந்தாலும் இன்னொரு தீவில் அவை பிழைத்திருக்கும் அல்லவா?

மாணவர்களை உருவாக்கியவர்

தான் ஒருவனே எல்லா நாட்டுக்கும் ஓட முடியாது என்று டரலுக்குத் தெரியும். அதனால் 1970களின் பிற்பகுதியில் ஜெர்சியிலேயே பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். ஏழை நாடுகளிலிருந்து இளைஞர்கள் வந்து, அரிய உயிர்களை வளர்க்கும் முறையைக் கற்றுக்கொண்டு தங்கள் நாட்டுக்குத் திரும்பினார்கள். முதல் மாணவர் மொரீஷியஸைச் சேர்ந்த யூசுஃப் முங்ரூ. பிற்காலத்தில் அவர் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவுக்கு முதல் இயக்குநர் ஆனார்! கோர்ஃபுவில் ஒரு டாக்டர் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள்.

1979இல் முதல் திருமணம் முறிந்து, விலங்கியல் படித்த லீ என்பவரை மணந்தார். 1990இல், 65 வயதில், ஐ-ஐ என்ற விநோத விலங்கைத் தேடி மடகாஸ்கருக்குப் போனார். அதுதான் அவருடைய கடைசிப் பெரிய பயணம். கல்லீரல் கெட்டு, 1994இல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. 1995ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி ஜெர்சி தீவில் காலமானார். அவருக்கு வயது 70.

அவர் பெயரில் ஒரு பல்லி

இரவில் வெளியே வரும் சின்னப் பல்லியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா? ரவுண்ட் தீவில் மட்டும் வாழும் அந்தப் பல்லிக்கு 1994இல் அறிவியல் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் டரல் இருக்கிறார்! அவரையும் லீயையும் சிறப்பிக்க வைத்த பெயர் அது. தலைவர்களுக்குச் சிலை வைப்பார்கள், தெருவுக்குப் பெயர் வைப்பார்கள். சிலை மேல் காக்கா உட்காரும், தெருப் பலகை துருப்பிடிக்கும். இந்தப் பெயரோ உயிரோடு ஓடுகிறது, பூச்சி பிடிக்கிறது, முட்டை இடுகிறது.

நாம் என்ன செய்யலாம்?

தோழர்களே, தோழிகளே! நாம் கடல் தாண்டிப் போக வேண்டாம். நம் பள்ளி வேலியிலேயே ஓணான் இருக்கிறது, செங்கல் குவியலில் அரணை இருக்கிறது, கழிவறைச் சுவரில் பல்லி இருக்கிறது. நான் சொல்வது மூன்றுதான்.

1. ஈர்க்குச் சுருக்கை விட்டுவிடுவோம். கல்லையும் கீழே போடுவோம்.

2. வகுப்புக்கு ஒரு நோட்டுப் போடுவோம். பார்த்த தேதி, நேரம், இடம், என்ன செய்துகொண்டிருந்தது என்று நாலு வரி எழுதுவோம். அறிவியல் ஆசிரியர் அனுமதித்தால் நோட்டுக்கு அட்டை போட நான் தயார்!

3. அரணையைக் கண்டு பயப்படும் தம்பி தங்கைகளுக்கு அதற்கு விஷம் இல்லை என்று சொல்வோம். ஆனால் பாம்பை மட்டும் யாரும் கையால் தொடக் கூடாது. பெரியவர்களைக் கூப்பிட வேண்டும்.

1975இல் அந்தப் பாம்பைப் பார்த்தவருக்கு, அதுதான் கடைசி என்று தெரிந்திருக்காது. நாம் நாளைக்கு வேலியில் பார்க்கப்போவதும் எத்தனையாவது என்று நமக்குத் தெரியாது. அதனால் ஒரு நிமிடம் நின்று நன்றாகப் பார்த்துவிட்டு, அதை அதன் வழியில் போக விடுவோம்.

உங்களுக்குத் தெரியுமா?

★ பல்லியின் கால் விரலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான நுண்ணிய மயிர்கள் உண்டு. அது கூரையில் தலைகீழாக நடப்பது அதனால்தான், பசையால் அல்ல.

★ பெரும்பாலான பல்லிகளுக்கு மூடித் திறக்கும் இமை கிடையாது. கண்ணில் தூசி விழுந்தால் நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும்!

★ பல்லி வாலைத் தானே துண்டித்துக்கொள்ளும். எதிரி துடிக்கிற வாலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பல்லி தப்பிவிடும். வால் மறுபடி வளரும், ஆனால் பழைய எலும்பு வராது, குருத்தெலும்புதான் வரும்.

★ அரணையும் ஓணானும் பல்லியும் நெருங்கிய சொந்தக்காரர்கள். ஆனால் அரணைக்கும் ஓணானுக்கும் இமை உண்டு.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி